கயிறு இல்லாத நாலு நாள்

குடியை விட்டதைக் கொண்டாட ஒரு விருந்து வைத்து, அந்த விருந்துக்குப் பாண்டியிலிருந்து சரக்கும் வரவழைத்தவன் நான். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். அன்றைக்கு நாங்களும் சிரித்துக்கொண்டுதான் செய்தோம். குடியை விட்டவன் என் தங்கையின் புருஷன். சரக்கு வாங்கிவர நான் அனுப்பியதும் அவனைத்தான்.

அப்போது நான் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. முதலாளி மாதத்துக்கு இரண்டு தரம் காரில் வந்து, வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் அங்கே வேலை செய்த இருபது பேருக்கும் நான் வைத்ததுதான் சட்டம். அந்த இருபது பேரில் மாப்பிள்ளையும் ஒருவன். பலகை பிடித்து உப்பு வாருவதில் அவனுக்கு நிகர் யாரும் கிடையாது. மற்றவர்கள் வாரினால் உப்போடு கொஞ்சம் சேறும் சேர்ந்து வரும். அவன் வாரினால் வெள்ளை மட்டும்தான் வரும். எந்த வேலையைக் கொடுத்தாலும் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். அந்தக் குணம்தான் கடைசியில் அவனைக் கெடுத்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

உப்பளத்து வேலை விடிவதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறும்போது முடிந்துவிடும். பதினொரு மணிக்கெல்லாம் கரையேறிவிடுவோம். பாதத்தில் வெடித்த புண்ணெல்லாம் உப்புத் தண்ணீர் பட்டு எரியும். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போயிருக்கும். அந்த நேரத்தில் பிராந்திக் கடைக்குப் போவதைக் குடிகாரத்தனம் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. மருந்துக் கடைக்குப் போவது போலப் போனோம். இரண்டாயிரத்து நாலாம் வருஷம் முழுக்க நானும் மாப்பிள்ளையும் ஒரு குவார்ட்டரை ஆளுக்குப் பாதி என்று தொடங்கி, ஆளுக்கு ஒன்று என்று வளர்ந்து, அதற்கு மேல் எண்ணுவதையே விட்டிருந்தோம். எனக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. எவ்வளவு குடித்தாலும் நேராக நடப்பேன். அவனுக்கு அது வராது. அதனால் ஊரில் அவனுக்குக் குடிகாரன் என்று பேர். எனக்கு மேஸ்திரி என்று பேர்.

அந்த வருஷக் கடைசியில் சுனாமி வந்தது. எங்கள் தெரு கால்வாய்க்கு மேற்கே இருந்ததால் தண்ணீர் தெருமுனையோடு நின்றுவிட்டது. ஆனால் நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை காலை, "ஓடுங்க, ஓடுங்க" என்று ஒரே கூச்சல். நான் தங்கை வீட்டுக்கு ஓடினேன். முந்தின நாள் போதை தெளியாமல் மாப்பிள்ளை பாயில் கிடந்தான். தங்கை அவனைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய நாலு வயது மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தங்கையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் மேற்கே ஓடினேன். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"கொழந்தைய யாரு தூக்கினு ஓடுனது?" என்று கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

மகள் அவனிடம் போகாமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

உப்புப் பாத்திகளெல்லாம் சேறு ஏறிக் கிடந்ததால் தை மாதம் முழுக்க வேலை இல்லை. அந்த ஒரு மாதமும் முன்னைவிட அதிகமாகக் குடித்தான். மாசி பிறந்ததும் ஒரு காலையில், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வந்தான்.

எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த நினைக்கிறவன் டாக்டரிடம் போக மாட்டான். சாமியிடம்தான் போவான். அனுமந்தை தாண்டி, கீழ்புத்துப்பட்டு வருவதற்கு முன்னால், சாலையைவிட்டு ஒதுங்கி ஒரு சின்ன அம்மன் கோயில். பூசாரி, "எத்தினி மாசத்துக்கு?" என்று கேட்பார். சொல்லுகிற கெடுவுக்கு வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். கெடு முடிகிறவரைக்கும் சரக்கைத் தொடக் கூடாது. முடிந்ததும் அவரே அவிழ்த்துக் கையில் கொடுப்பார். அதைக் கோயில் வேப்ப மரத்தில் கட்டிவிட்டு வரவேண்டும். இன்னும் வேண்டுமென்றால் அங்கேயே புதுக் கயிறு. பெரும்பாலும் யாரும் புதுசு கேட்பதில்லை. அவிழ்த்த கையோடு நேராகக் கடைக்குப் போய்விடுவார்கள். சாமிக்குக் கொடுத்த வாக்கு முடிந்தது, இனி அவரவர் பாடு. நானே கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மண்டலத்துக்குக் கட்டிக்கொண்டு, நாற்பத்தெட்டு நாள் குடிக்காததையெல்லாம் நாற்பத்தொன்பதாம் நாள் ஒரே மூச்சில் குடித்தவன்.

அவன் மூன்று மாதத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தான். தொடக் கூடாது என்று பூசாரி சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டான். குடிக்கத்தான் கூடாது, தொட்டால் என்ன என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் கிளாஸை எடுத்துக் கொடு என்றால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். பதினொரு மணிதான் அவனுக்குக் கண்டம். கடை இருந்த சாலையில் வராமல், கழிவெளி ஏரியின் ஓரமாகவே சுற்றிக்கொண்டு, இரண்டு மடங்கு தூரம் நடந்து வீட்டுக்குப் போனான். சட்டைப் பையில் எப்போதும் பொட்டுக்கடலை. வாய் நமநமத்தால் ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொள்வான். "இன்னாபா, குதிரைக்கு மேய்ச்சலா?" என்று கேலி செய்தோம். அவனும் சிரிப்பான்.

தங்கைக்குக் கொண்டாட்டம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. மூன்று மாதக் கயிறு முடிந்து அவன் புதுக் கயிறோடு வந்த அன்று கேசரி செய்தாள். பட்டப்பகலில், கதவைத் திறந்து வைத்து, மூன்று தட்டு போட்டு, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்கு முன்பெல்லாம் அவன் வந்து தட்டை வீசுவதற்குள் மகளுக்கு ஊட்டிவிட வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு அவசர அவசரமாக ஊட்டுவாள். அந்தத் திறந்த கதவு வழியாகத் தெருவில் போகிறவர்களெல்லாம் பார்க்கட்டும் என்றுதான் வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். அந்தப் புதுக் கயிறு ஆறு மாதத்துக்கு. அது முடிந்து, மூன்று மாதத்துக்கு இன்னொன்று கட்டிக்கொண்டு வந்தபோதும் அதே கேசரி, அதே திறந்த கதவு. நானும் போய் ஒரு தட்டு சாப்பிட்டேன். மகள் அவன் மடியில் உட்கார்ந்து, அவன் சட்டைப் பையிலிருந்து பொட்டுக்கடலையை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவன் இல்லாமல் எனக்குக் குடி ருசிக்கவில்லை. தனியாகக் குடிக்கிறவன்தான் குடிகாரன், கூட்டாகக் குடித்தால் அது பழக்கம் என்று அதுவரை வைத்திருந்தேன். அவன் போனதும் நான் எந்தப் பக்கம் என்பது எனக்கே தெரிந்துபோயிற்று. அவன் மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அதற்குப் பொறாமை என்று பேர் வைக்க அப்போது எனக்குத் துணிவில்லை.

இரண்டாயிரத்து ஆறு மாசியில் ஒரு வருஷம் முடிந்தது. அந்த வருஷ முதல் உப்பும் அந்த வாரம்தான் வாரியிருந்தோம். இரண்டுக்கும் சேர்த்து உப்பளத்துக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போடலாம் என்று நான்தான் சொன்னேன். விருந்து என்றால் சரக்கு வேண்டும். சரக்கு என்றால் பாண்டிச் சரக்கு. எல்லையில் செக்போஸ்ட் இருக்கிறது. எங்களில் யார் போனாலும் போலீஸ்காரன் வாயை ஊதச் சொல்வான், அப்புறம் வண்டியைக் குடைவான். அதோடு, யாரை அனுப்பினாலும் வழியில் ஒரு பாட்டில் குறையும். இருபது பேரும் ஒரே நேரத்தில் யோசித்து ஒரே முடிவுக்கு வந்தோம். குடிக்காதவனை அனுப்பினால்தான் பாட்டில் முழுசாக வந்து சேரும்.

வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து கை கால் கழுவும்போது அவனிடம் சொன்னேன். ஞாயிறு காலையில் அவன் எப்படியும் கோயிலுக்குப் போகிறான், கோயிலைத் தாண்டினால் பாண்டி. என் மொபெட்டை எடுத்துக்கொள், கயிற்றை மாற்றிக்கொண்டு, அப்படியே போய் வாங்கிவந்துவிடு என்றேன்.

"புதுக் கயிறு கட்டிக்கினு பாட்டிலத் தொட முடியாது மச்சான்" என்றான்.

"அப்ப அவுத்துட்டுப் போய் வாங்கிக்கோ. வரும்போது கோயில்ல நிறுத்திக் கட்டிக்கோ."

"வண்டியில பாட்டில வச்சிக்கினு சாமி எதிர்ல நிக்கச் சொல்றியா?"

"அப்ப மறுநா காத்தால போய்க் கட்டிக்கோயேன். ஒரு நாள்ல என்னா ஆயிடப் போவுது?"

அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்த சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன்! மேஸ்திரி சொல்கிறான், மனைவியின் அண்ணன் சொல்கிறான், தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் சொல்கிறான். அவனால் மறுக்க முடியவில்லை. "சரி மச்சான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குள் திரும்பிவிட்டான். ஒரு பாட்டிலுக்குக்கூட மூடி கழன்றிருக்கவில்லை. செக்போஸ்டில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மட்டும் ஆட்டி விட்டுவிட்டார்களாம். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவன் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து அவனுக்குப் பொன்னாடை போர்த்தினான். குடிக்காமல் ஒரு வருஷம் இருந்ததற்குப் பொன்னாடை போர்த்திய கையில் கிளாஸ் இருந்தது. அவன் வெறும் மணிக்கட்டில், கயிறு இருந்த இடத்தில் மட்டும் தோல் வெளுத்திருந்தது. அந்தக் கையைப் பிடித்து, "இன்னிக்கு சாமிக்கே லீவுடா, ஒண்ணு போடு" என்று இரண்டு பேர் இழுத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே பொட்டுக்கடலையை எடுத்துக் காட்டினான். பிரியாணியை மட்டும் சாப்பிட்டான்.

அதைப் பார்த்து எனக்கு என்னவோ ஆகிவிட்டது. போதைதான். ஆனால் போதை மட்டும் இல்லை. எழுந்து நின்று, எல்லோரும் கேட்க, "மாப்ள, நாளைக்கு நானும் உன்கூட வர்றேன். ரெண்டு பேரும் ஒண்ணா கட்டிக்கலாம். ஒரு வருஷத்துக்கு!" என்று கத்தினேன்.

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. "நெஜமாவா மச்சான்?" என்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் சத்தியம் செய்தேன். கூட்டம் கலையும்போது ஒரு பாட்டில் மீந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் என் மனைவி சாக்கடையில் ஊற்றிவிடுவாள். கொட்டகையில் பூட்டாமல் வைத்தால் ஆட்கள் விடமாட்டார்கள். கொட்டகைப் பெட்டியில் பாட்டிலை வைத்துப் பூட்டச் சொல்லி, சாவியை அவனிடமே கொடுத்தேன். "உங்கிட்ட இருந்தாதான் பத்திரம்" என்றேன்.

விருந்துக்கு மறுநாள் என்று வேலைக்கு லீவு விட்டிருந்தேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான் என்று பிறகு என் மனைவி சொன்னாள். "மச்சான்" என்று ஒரு தடவை கூப்பிட்டான். நான் விழித்துவிட்டேன். தலை இடித்தது. வாய் கசந்தது. நேற்று சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு வருஷம்! எழுந்தால் போகவேண்டும். போனால் கட்டவேண்டும். இரண்டாவது தடவை கூப்பிட்டான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது என் மனைவி உள்ளே வந்தாள்.

"உங்க மாப்ள கூப்புடறாரு. எழுந்திருங்க."

"தூங்கறேன்னு சொல்லு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு போய்ச் சொன்னாள். "பரவால்லக்கா, எழுப்பாதீங்க. பாவம், அசந்து தூங்கறாரு. நாளைக்குப் போறோம்" என்று அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அன்றைக்கே அவன் பஸ் ஏறித் தனியாகப் போயிருக்கலாம். போகவில்லை. நானும் சேர்ந்து கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டான். செவ்வாய்க்கிழமை லாரி லோடு வருகிறது என்று தட்டிக்கழித்தேன். அது உண்மைதான், ஆனால் லாரி மதியத்துக்கு மேல்தான் வந்தது. புதன்கிழமை விடிகாலையில், பாத்தியில் வேலை செய்யும்போதே வந்து கேட்டான். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு உகந்த நாள், அன்று போகலாம் என்றேன். எனக்கு எப்போதிருந்து நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை வந்தது என்று அவன் கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். "சரி மச்சான்" என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று பதினொரு மணிக்கு எல்லோரும் கரையேறியபோது அவன் மட்டும் வரவில்லை. கொட்டகையில் பெட்டி திறந்து கிடந்தது. அவன் உப்புக் குவியலுக்குப் பின்னால், கிடைத்த துளி நிழலில் உட்கார்ந்திருந்தான். பாட்டிலில் பாதிக்குமேல் காலி. பொட்டுக்கடலை தரையில் சிந்திக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தான், முடியவில்லை. "உன் பாட்டில் மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

நான்தான் அவனைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கடைச் சாலை வழியாகத்தான். தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். கத்தவில்லை. அழவும் இல்லை. அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம அவுத்த. திங்கக்கெழம கட்டறேன்னு சொன்ன. மூணு நாளு ஆவுது. ஏன்யா போவல? அண்ணன் வண்டி குடுக்கலயா? கேட்டியா, கேக்கலயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏண்ணா, உங்கிட்ட வந்து கேட்டாரா?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். கேட்டான், மூன்று நாளும் கேட்டான், நான்தான் வரவில்லை என்று. நாலு வார்த்தை. குடித்தவன் வாய்க்கு வராத வார்த்தைகள் இல்லை, நான் அன்று குடிக்கவும் இல்லை. நான் என்ன செய்தேன்? "எனக்கு வேலை இருந்துச்சும்மா" என்றேன். அது பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. மாப்பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவன் பின்னால் ஒளிந்துகொண்டு நான் தப்பித்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் கயிறு கட்டவில்லை. ஆடி மாதம் தங்கை மகளை அழைத்துக்கொண்டு கிளியனூருக்குப் போய்விட்டாள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, பின்பக்கம் ஒரு அறை. போகிற நாள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் மானஸ்தி, அதனால்தான் என்று ஊரில் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டைக் காலி செய்துவிட்டு உப்பளத்துக் கொட்டகைக்கே வந்துவிட்டான். மழைக்காலத்தில் வேலை நின்றபோது அவனையே காவலுக்கும் வைத்துக்கொண்டேன். அவனுக்கு நல்லது செய்வதாக எனக்கு நினைப்பு.

கார்த்திகையில் மழைத் தண்ணீர் பட்டு என் மொபெட் கிளம்பவில்லை. மெக்கானிக் சீட்டுக்கு அடியில் இருந்த டப்பாவைத் திறந்து ஸ்பேனர்களை வெளியே எடுத்துப் போட்டான். அவற்றுக்கு நடுவே, பாலித்தீன் பையில் பத்திரமாகச் சுருட்டி, ஒரு மஞ்சள் கயிறு. எனக்குப் பார்த்ததும் புரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசாரி அவிழ்த்துக் கொடுத்ததை அவன் மரத்தில் கட்டவில்லை. மறுநாள் புதுசு கட்டும்போது சேர்த்துக் கட்டலாம் என்று வைத்திருக்கிறான். பாட்டில் இருக்கிற பையில் அதைப் போடவும் மனசு வராமல், தனியாக உள்ளே வைத்திருக்கிறான். ஒன்பது மாதமாக நான் அதன்மேல் உட்கார்ந்து கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

அன்றே கிளியனூருக்குப் போனேன். போவதற்குத் தைரியம் வேண்டியிருந்தது, அதனால் ஒரு குவார்ட்டர் போட்டுக்கொண்டுதான் போனேன். இதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. தங்கை கடைக்குப் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கயிற்றை அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்டதையும், தூங்குகிறேன் என்று நான் சொல்லச் சொன்னதையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்ணா" என்றாள். "அண்ணி அந்த வாரமே கொழாய்கிட்ட வச்சு சொல்லிட்டாங்க. ஒம்போது மாசமா பாத்துக்கினு இருக்கேன், நீ என்னிக்காவது வாயத் தொறப்பியான்னு. இன்னிக்கும் குடிச்சிட்டுதான் வந்திருக்கிற."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"குடிக்கிறவரு ஒருத்தர்னா நான் தாங்கிக்கினு இருந்திருப்பேன். அங்க இருந்தா உங்க ரெண்டு பேரையும் தாங்கணும். எனக்கு முடியலண்ணா." கயிற்றைப் புறங்கையால் என் பக்கம் தள்ளினாள். "எங்கிட்ட எதுக்கு? அவர் கையில குடு."

இன்றைக்கு நான் குடிப்பதில்லை. எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்பவர்களுக்குச் சொல்வதில்லை. நூறு நாள், ஒரு வருஷம் என்று யாராவது கேக் வெட்டிக் கொண்டாடினால் அங்கே போவதும் இல்லை. என் கணக்கில் நான் விட்ட நாள் முக்கியம் இல்லை. விட்டிருக்க வேண்டிய நாள் ஒன்று இருக்கிறது. அது ஒரு திங்கட்கிழமை.

கயிறு கிடைத்த அன்று கிளியனூரிலிருந்து திரும்பி நேராகக் கொட்டகைக்குப் போனேன். மாப்பிள்ளை கயிற்றை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கியோ தொலைச்சிட்டேன்னு நெனச்சேன்" என்றான்.

"நாளைக்குப் போலாம் மாப்ள. ரெண்டு பேரும் கட்டிக்கலாம். இந்தத் தபா நெஜமா" என்றேன்.

"சரி மச்சான். காத்தால வர்றேன்" என்றான். அவன் எப்போதும் சொல்கிற அதே சரி.

மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்து குளித்தேன். மொபெட்டைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணி ஆயிற்று. ஏழும் ஆயிற்று. அவன் வரவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போனேன். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"மாப்ள" என்று கூப்பிட்டேன். இன்னும் ஒரு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது உள்ளே கயிற்றுக் கட்டில் முனகியது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?